குளம் வற்றும் மாதங்கள்

இலங்கையின் உள்நாட்டில் இயற்கையாக அமைந்த ஆழமான ஏரி கிடையாது. மகாவலியின் வெள்ளச் சமவெளியில் கிடக்கும் வில்லு என்னும் ஆழமற்ற சதுப்பு நீர்நிலைகளை விட்டுவிட்டால், உலர் வலயத்தின் வரைபடத்தில் நீலமாகத் தெரியும் ஏறக்குறைய ஒவ்வொரு நீர்ப்பரப்பும் மனிதர் மண் சுமந்து கட்டிய குளம்தான். அவற்றுட் பலவற்றுக்கு ஆயிரம் வயதுக்கு மேல். சிலவற்றுக்கு இரண்டாயிரத்தை நெருங்கும். சைபீரியாவின் பைக்கால் ஏரி ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகள் பழையது, 1,642 மீட்டர் ஆழமானது. அதன் அருகில் வைத்தால் இந்தக் குளங்கள் நேற்றுப் பிறந்தவை, ஆழமும் சில மீட்டர்தான். ஆனாலும் நீரியலாளர் இவற்றைப் புராதன ஏரிகளாகவே கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டப்பட்ட நீர்நிலை ஒன்று ஏரியாக வாழப் பழக எத்தனை நூற்றாண்டு செல்லும், எந்த உயிர்கள் அதில் குடியேறும், மழை பொய்த்த ஆண்டுகளில் அவை என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு இவ்வளவு நீண்ட பரிசோதனைக் களம் உலகில் அதிகம் இல்லை.

அந்தக் களத்தைப் பார்க்கப் புறப்படுவோருக்கு மாத்தளை நல்ல தொடக்கம். ஈர வலயம், இடை வலயம், உலர் வலயம் என்று இலங்கையை மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் இந்த ஒரு மாவட்டத்துக்குள் நெருங்கி வருகின்றன. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவது ஈர வலயம், 1,750க்குக் கீழே பெறுவது உலர் வலயம். முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டி ஏ9 வீதியில் வடக்கே சென்றால், ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. மிளகுக் கொடி ஏறிய மரங்களும் கொக்கோவும் தென்னையும் நிழல் விரித்த வீட்டுத் தோட்டங்கள் மெல்ல விலகுகின்றன. நாவுலவுக்கு அப்பால் முட்புதரும், காடெரித்துப் பயிரிடும் சேனை நிலமும், பாலையும் வீரையும் நிற்கும் உலர்ந்த காடும் தொடங்குகின்றன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலமாக நின்று வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியின் மழையை வாங்கி அம்பன் கங்கைக்கு இறக்குகிறது. இந்தக் கட்டுரையில் வரும் பெரிய குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு உயிர்நாடி அந்த ஆறு.

மாத்தளை நகருக்குத் தெற்கே உக்குவளையில் அந்த ஆற்றோடு இன்னொரு ஆற்றின் நீரும் கலக்கிறது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, மலைக்கு அடியில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு நீர் கொண்டுவரப்பட்டது. சுழலிகளைச் சுற்றிவிட்டு அது சுது கங்கையில் விழுகிறது. சுது கங்கை அம்பன் கங்கையோடு சேர்கிறது. கீழே போவதென்ன நீர்த்தேக்கத்தில் அந்த நீர் மறுபடியும் பிரிகிறது. ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்தால் லேனதொரைப் பக்கம் வெளிவந்து கண்டலமவுக்கும், தம்புளு ஓயா வழியாகக் கலாவெவவுக்கும் போகிறது. மற்றப் பங்கு ஆற்றோடு எலஹெர நோக்கி இறங்குகிறது. தம்புள்ளை வயலில் நிற்கும் தண்ணீரில் எத்தனை பங்கு அந்த இடத்து மழை, எத்தனை பங்கு கண்டி மலைநாட்டின் தென்மேல் பருவப்பெயர்ச்சி என்று இன்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. குளத்தின் காலநிலையை ஆராய்வோருக்கு இது சிறிய சிக்கல் அல்ல. 1976க்கு முன் குளத்தின் நீர்மட்டம் அந்தப் பகுதி மழையின் கணக்கேடு. அதன் பிறகு அதில் பொறியியலாளரின் கையெழுத்தும் சேர்ந்துவிட்டது.

வழியில் நாலந்தா கெடிகே சற்று நிற்கத் தக்க இடம். பல்லவர் கட்டடக் கலையின் சாயல் கொண்ட சிறிய கற்கோயில் அது; மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு அதன் அடித்தளமும் தூண்களும் பழக்கமானவை. போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, மூழ்கவிருந்த கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். புதிய குளம் பழைய நிலத்தின் சான்றுகளை என்ன செய்யும் என்பதற்கு நாலந்தாவே உதாரணம். கோயிலைப் பெயர்த்து வைக்க முடிந்தது. அதன் கீழிருந்த வயல் மண்ணும் மகரந்தமும் கரித்துண்டும் நீருக்கு அடியில் போயின.

தம்புள்ளையை அடையும்போது குளங்கள் ஏன் கட்டப்பட்டன என்ற கேள்வி விடையோடு எதிரே வருகிறது. இங்கே மழை குறைவு என்று சொல்வது பாதி உண்மைதான். ஐப்பசி, கார்த்திகையில் இடைப்பருவப்பெயர்ச்சி இடி மழையும், மார்கழியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியும் ஆண்டு மழையின் பெரும்பகுதியைச் சில வாரங்களில் கொட்டிவிடும். அந்த நீரில்தான் பெரும்போகம். சித்திரை மழை சிறுபோகத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். அதன்பின் வைகாசி முதல் புரட்டாசி வரை மலையின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேல் காற்று இங்கே உலர்ந்த வெறுங்காற்றாக வீசுகிறது. நிலத்தடியில் கடினமான படிகப் பாறை. நீரை உறிஞ்சி வைக்க ஆழமான மண் இல்லை. மூன்று மாதத்து நீரைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டிக்க வேண்டும், அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும்.

இந்தப் பகுதியில் மனிதர் ஊரை விட்டுப் போகவில்லை என்பதற்கு இப்பன்கட்டுவையில் சாட்சி இருக்கிறது. தம்புள்ளைக்கு அருகே, அதே பெயருள்ள குளத்தை அடுத்து, கற்பலகைகளால் பெட்டிபோல் அடைத்த பெருங்கற்காலப் புதைகுழிகள் உள்ளன. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அங்கே கிடைத்த சூதுபவள மணிகள் இந்தியாவோடு இருந்த தொடர்பைக் காட்டுகின்றன. 1988 முதல் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் சுவீடன் ஆய்வாளரும் சேர்ந்து, சேனக பண்டாரநாயக்கவின் வழிகாட்டலில் சிகிரியா – தம்புள்ளை வட்டாரத்தின் குடியிருப்புகளைத் தேடிப் பதிவு செய்தார்கள். அரண்மனையையும் ஓவியத்தையும் விட்டுவிட்டு, சாதாரண ஊர், வயல், குளம், இரும்பு உலை என்று நிலம் முழுவதையும் பார்த்த பணி அது. சிகிரியாவுக்கு அருகில் அலகொலவெவப் பக்கத்தில் வெளிப்பட்ட இரும்புருக்கு உலைகள், மன்னன் காசியப்பன் சிகிரியாக் குன்றில் கட்டிய கோட்டைக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. உலைக்குக் கரி வேண்டும், கரிக்குக் காடு வேண்டும். குளத்து நீர்ப்பிடிப்பில் காடு அழிந்தால் அடுத்த மழையில் மண் குளத்துக்குள் வரும். இரும்புக்கும் குளத்துச் சேற்றுக்கும் உள்ள இந்த உறவைப் புரிந்துகொள்ள, தொல்லியலும் சூழலியலும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கிறது. அதே திட்டத்தோடு தொடர்புடைய ஈவா மிர்டால்-ரூனெப்யெர், இந்த வட்டாரத்தில் ஓர் ஆற்றுப் படுகையிலிருந்து இன்னொன்றுக்கு நீர் கொண்டுபோன பழைய பாசன முறையை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட நூலுக்கு நெல்லும் தினையும் என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்தப் பெயரிலேயே விவசாயியின் தந்திரம் இருக்கிறது: குளத்துக்குக் கீழே நெல், மேட்டுச் சேனையில் குரக்கனும் சிறுதானியமும். குளம் ஏமாற்றினால் சேனை கைகொடுக்கும்.

கண்டலமக் குளத்தைப் பெரும்பாலானோர் எதிர்க் குன்றின் பாறையில் தொற்றி நிற்கும் ஹோட்டலின் மாடத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு, குளம் மாசுபடும் என்ற அச்சத்தால் அப்போது கடும் எதிர்ப்பு எழுந்தது. குளத்தை அறிய வேண்டுமானால் மாடத்தை விட்டு இறங்கி, ஆவணி மாதத்தில் கரைக்கு நடக்க வேண்டும். மார்கழியில் நீர் தொட்டிருந்த மரத்தடியிலிருந்து இப்போதைய நீர்விளிம்பு வரை பல நூறு அடி அகலத்துக்கு நிலம் வெளிப்பட்டிருக்கும். மேலே வெடித்துக் காய்ந்த களிமண், அதற்குக் கீழே இளம்பச்சைப் புல், இன்னும் கீழே கால் புதையும் சேறு என்று மூன்று பட்டைகள். காய்ந்த வெடிப்புகளில் நத்தை ஓடும் மட்டிச் சிப்பியும் வெள்ளையாகச் செருகிக் கிடக்கும். புல்லில் எருமையும் மாடும் மேயும். அதிகாலையானால் யானைச் சாணமும் புதிதாகக் கிடக்கும். சேற்று விளிம்பில் கொக்கும் நாரையும் ஒற்றைக்காலில். பார்ப்பதற்குக் குளம் சாகிறது போலத் தோன்றும். சூழலியல் சொல்வது நேர்மாறானது. அந்தச் சாணமும் புல்லும்தான் அடுத்த கார்த்திகையில் நீர் ஏறி மூடும்போது மக்கி, நீருக்கு உரமாகி, பாசியை வளர்த்து, பாசி மீனை வளர்க்கிறது. வற்றுவதும் நிரம்புவதும் இந்த ஏரிகளுக்கு மூச்சு. ஆழமான இயற்கை ஏரியை அளக்கும் கோலால் இவற்றை அளக்கக் கூடாது என்பது இங்கே வேலை செய்த ஆய்வாளர் பலரின் முடிவு.

பெரிய குளத்தில் காணும் இந்த ஒழுங்கைச் சிறிய ஊர்க்குளங்களில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். உலர் வலயத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்கள் உள்ளன. அவை சிதறிக் கிடக்கவில்லை, ஒரே சிறு பள்ளத்தாக்கில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்த நீரும் வயலில் வடிந்த நீரும் கீழ்க்குளத்துக்கு வரும். இந்தத் தொடர் அமைப்பை 1985இல் புவியியலாளர் மத்தும பண்டார தெளிவாக விளக்கிக் காட்டினார். மண்ணியலாளர் பானபொக்கே பின்னர் அதை விரிவாக ஆராய்ந்தார். 2017இல் உலக உணவு விவசாய அமைப்பு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சிங்களக் கிராமங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெயர் உண்டு. குளத்தின் மேற்கரையில் காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கும் மரவரிசை ‘கஸ்கொம்மன’. வரும் நீரின் மண்ணை வடிக்கும் புற்பட்டை ‘பெரஹன’. கட்டுக்கும் வயலுக்கும் நடுவே, கசிந்து வரும் உப்பை வேரில் தடுத்து நிறுத்தும் புதர்நிலம் ‘கட்டகடுவ’. மேலே காட்டுக்குள் விலங்குகளுக்கென்றே விடப்பட்ட சிறுகுளம் ‘குளுவெவ’. மருதும் இலுப்பையும் இந்த வரிசைகளின் மூத்த குடிகள். சூழல் பொறியியல் என்று இன்று பாடத்திட்டம் வைத்துக் கற்பிப்பதை, எழுத்தில் வைக்காமல் நிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். இந்த மரப்பட்டைகள் வயலுக்காகவும் வீட்டுக்காகவும் வெட்டப்பட்ட ஊர்களில் குளம் விரைவாகத் தூர்கிறது, கீழ்வயலில் உப்புப் பூக்கிறது.

பழைய காலநிலையைக் குளத்துச் சேற்றிலிருந்து எப்படிப் படிப்பது? ஏரியின் அடியில் ஆண்டுதோறும் மெல்லிய படலமாக மண் படிகிறது. அதில் சுற்றுப்புற மரம், புல், பயிரின் மகரந்தம் விழுகிறது. கண்ணாடிக் கூடுகொண்ட டயட்டம் என்னும் நுண்பாசிகளின் எச்சம் சேர்கிறது. காட்டுத்தீயின் கரித்துகள் தங்குகிறது. குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுத்த சேற்றுத் தண்டை நீளவாக்கில் பிளந்தால் கறுப்பும் சாம்பலும் பழுப்புமாகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சிட்டிகை எடுத்து, அமிலத்தில் கழுவி, மணலையும் களியையும் கரைத்துவிட்டால், எளிதில் அழியாத மகரந்த உறை மட்டும் மிஞ்சும். நுண்நோக்கியின் கீழ் நெல் இனத்துப் புல்லும் காட்டு மரமும் வெவ்வேறு முகத்தோடு நிற்கும். நூற்றுக்கணக்கில் எண்ணி, ஆழத்துக்கு எதிரே வரைந்தால், காடு எப்போது விலகியது, வயல் எப்போது வந்தது, மழை எப்போது தளர்ந்தது என்ற வரலாறு ஒரு கோடாக எழும்.

இலங்கையில் இந்த முறையின் சிறந்த விளைச்சல் குளத்திலிருந்து வரவில்லை, மலை உச்சியிலிருந்து வந்தது. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பில் ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம் வரை எடுத்த கரிமண்ணை இரத்னசிறி பிரேமதிலக்கவும் ஸ்டொக்ஹோமின் யான் ரிஸ்பெரியும் ஆராய்ந்து, சுமார் 24,000 ஆண்டுக் காலநிலையை 2003இல் வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் இன்றைய ஈரமான அந்த மலைகூட வறண்டிருந்தது. பிறகு பருவப்பெயர்ச்சி படிப்படியாக வலுத்தது, இடையிடையே தளர்ந்தது. கீழ்நாட்டுக் குளங்களைக் கட்டியவர்கள் எத்தகைய மழையை நம்பி வாழ்ந்தார்கள் என்பதற்கு அது பின்புலம். குளங்களிலோ வாசிப்பு கடினம். அவை வற்றுகின்றன; வற்றிய சேற்றில் காற்றுப் புகுந்து மகரந்தத்தைச் சிதைக்கிறது. உழைப்பாளிகளின் மண்வெட்டி தூர் வாருகிறது. எருமை மிதித்துப் படலங்களைக் கலக்குகிறது. குளத்துக்கு உயிர் தரும் அதே வற்றல் அதன் நினைவை அழிக்கிறது என்பது இந்தத் துறையின் வேதனை.

அதனால் ஆய்வாளர் வேறு வழி தேடினார்கள். அநுராதபுரத்தைச் சுற்றியுள்ள குளங்களில், கட்டின் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை ஒளிவெளியீட்டு முறையால் அளந்து, கட்டு எழுந்த காலத்தையும் குளம் கைவிடப்பட்டுத் தூர்ந்த காலத்தையும் கணக்கிட்டார்கள். பிரித்தானிய – இலங்கைக் குழுவின் அந்த ஆய்வு 2013இல் ‘வறண்ட குளம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு வெளிவந்தது. மண்ணுக்குள் இருளில் கிடந்த மணல், சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைச் சேமிக்கும்; ஆய்வுகூடத்தில் ஒளி பட்டதும் அதைச் சிறு மினுக்கமாக விட்டுவிடும். அந்த மினுக்கமே அதன் வயது. கூடையில் மண் சுமந்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லாவிட்டாலும், அவர் மண்ணைக் கொட்டிய நூற்றாண்டு இப்படித் தெரியவருகிறது.

சிகிரியாக் குன்றைத் தாண்டி ஹபரணைச் சந்தியில் கிழக்கே திரும்பிச் சென்றால் பொலன்னறுவை மாவட்டம் தொடங்குகிறது. அம்பன் கங்கையின் நீர் எலஹெர வாய்க்காலால் மின்னேரியாவுக்கும், அங்கமெதில்ல அணையால் பராக்கிரம சமுத்திரத்துக்கும் வருகிறது. ஆகவே இங்கும் பேச்சு மாத்தளை மலையின் நீரைப் பற்றியதுதான். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு, பழைய தோப்பாவெவவையும் அடுத்திருந்த நீர்நிலைகளையும் ஒரே நீண்ட கட்டால் இணைத்துச் சமுத்திரமாக்கினான். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியன்னாவின் பிரிட்ஸ் ஷீமரின் தலைமையில் ஐரோப்பிய, இலங்கை ஆய்வாளர் இங்கே தங்கி வேலை செய்தார்கள். முடிவுகள் 1983இல் நூலாக வந்தன. வெப்பமண்டலத்துப் புராதனச் செயற்கை ஏரி ஒன்றை நீர், பாசி, நுண்விலங்கு, மீன், பறவை என்று முழுதாக ஆராய்ந்த முன்னோடிப் பணி அது.

அவர்கள் கண்ட ஏரி ஓயாமல் அசைவது. காலையில் வெயில் ஏற மேல்நீர் சூடாகி அடிநீரோடு பிரிந்து நிற்கும். பிற்பகல் காற்றும் இரவின் குளிரும் அதைக் கிண்டிவிடும். குளிர்நாட்டு ஏரியில் ஓர் ஆண்டு எடுக்கும் சுழற்சி இங்கே ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. அடியிலிருந்து சத்து உடனுக்குடன் மேலே வருவதால் பாசி செழிக்கிறது. கறுப்பும் வெள்ளையுமான தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி நீரின் தெளிவை அளக்கும் எளிய முறை ஒன்று உண்டு. பச்சைக்கூழ் போன்ற அந்த நீரில் தட்டு கொஞ்ச ஆழத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தப் பச்சையே முழு ஏரிக்கும் சோறு. நீர்க்காகக் கூட்டங்கள் சிறுமீனைத் தின்று கரைமரத்தில் எச்சமிட்டு அதே சத்தை நீருக்குத் திருப்பித் தருவதையும் அந்த நூலுக்காகப் பறவையியலாளர் ஒருவர் தனியே ஆராய்ந்தார்.

மீனின் கதை இன்னும் வியப்பானது. இயற்கை ஏரி இல்லாத தீவில் ஏரிமீனும் இல்லை. குளங்களில் இருந்தவை ஆற்று மீன்கள், சதுப்பு மீன்கள். திறந்த நீர்ப்பரப்பும் அதன் பாசியும் ஏறக்குறைய உண்ண ஆளில்லாத பந்தியாகக் கிடந்தன. 1952இல் ஆப்பிரிக்கத் திலாப்பியா விடப்பட்டதும் அந்தப் பந்தியில் அது அமர்ந்துகொண்டது. சில ஆண்டுகளில் குளங்களில் மீன்பிடி தொழிலாயிற்று. தோணியும் செவுள்வலையும் வந்தன. இலங்கை நீரியலாளர் சி. எச். பெர்னாண்டோ இந்த வெற்றியை ஏரிமீன் இல்லாத வெற்றிடத்தோடு இணைத்து விளக்கினார். வெளியூர் உயிர் எல்லாம் இப்படிச் சோறு போட்டதில்லை. 1939இல் ஆய்வுக்காகத் தீவுக்கு வந்த சல்வீனியா என்னும் மிதக்கும் நீர்த்தாவரம், குளங்களையும் வாய்க்கால்களையும் பாய்போல் மூடி ஒளியையும் காற்றையும் அடைத்தது; அதைத் தின்னும் வண்டை 1980களில் கொண்டுவந்து விட்ட பின்பே கட்டுக்குள் வந்தது. திலாப்பியாவும்கூட நீர்மட்டத்துக்கு அடிமை. அது கரையோர ஆழமற்ற நீரில் குழி பறித்து முட்டையிடுகிறது. நீர் திடீரென இறங்கினால் குழிகள் வெயிலில் காயும். துருசை எப்போது திறப்பது என்று வயலுக்காக எடுக்கும் முடிவு மீனவரின் அடுத்த ஆண்டு வலையையும் தீர்மானிக்கிறது.

நீர்மட்டத்தோடு உயிர்களைப் பிணைக்கும் இந்தச் சங்கிலியை மின்னேரியாவில் யானை எடுத்துக் காட்டுகிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் மகாசேனன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்தக் குளத்தில், ஆவணி புரட்டாசியில் நீர் இறங்க, வெளிப்பட்ட புல்வெளிக்குச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். கன்றை நடுவில் விட்டு, புல்லை வேரோடு காலால் கிளப்பி, தொடையில் தட்டி மண்ணை உதறி வாயில் வைக்கும் காட்சியைப் பார்க்க உலகமே வருகிறது. 2018இல் மாத்தளை மாவட்டத்தில் மொறகஹகந்த நீர்த்தேக்கம் நிரம்பிய பிறகு, கோடையிலும் மின்னேரியாவுக்கு நீர் வந்து புல்வெளி மூழ்கிக் கிடந்த ஆண்டுகள் உண்டாயின. உழவருக்கு அந்த நீர் நெடுநாள் கனவு. சிறுபோகம் தவறாமல் விளைய வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் புல் கிடைக்காத யானை ஊர் வயலுக்குத்தான் போகும். குளம் வற்றும் சில வாரங்களை நீர்க் கணக்கில் ஒரு தேவையாகவே எழுத வேண்டும் என்று காட்டுயிர் ஆய்வாளர் கேட்பது இதனால்தான். வற்றல் என்பது இழப்பு அல்ல, அந்தக் குளத்தின் மிகப் பழைய விளைச்சல்களில் ஒன்று. அதை மதகைத் திறந்து மூடும் கால அட்டவணைக்குள் கொண்டுவருவது இயலாத காரியமும் அல்ல.

இனி வானம் எப்படி நடக்கும் என்பது அடுத்த கேள்வி. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழை இலங்கையில் பெரும்பாலும் கூடுகிறது; அதைத் தொடர்ந்து தை முதல் பங்குனி வரை குறையும் போக்கு உண்டு. இந்த உறவையும் நெல் விளைச்சலில் அதன் தாக்கத்தையும் லரீப் சுபைர் போன்ற காலநிலை ஆய்வாளர் 2000களில் விளக்கினார்கள். இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு வெப்பமும் இதில் பங்கு கொள்கிறது. 2016இன் கடைசியில் பருவமழை பொய்த்தபோது உலர் வலயம் பல பத்தாண்டுகளில் காணாத வறட்சியைக் கண்டது. 2017 பெரும்போக நெல் பெருமளவு அழிந்தது, குளங்களின் அடி தெரிந்தது. அப்படி அடி தெரியும் ஆண்டுதான் சேறு எடுக்கவும் பழைய துருசின் கல்லை அளக்கவும் வசதியானது என்பதால், உழவர் வானத்தைப் பார்த்து நிற்கும் அதே குளத்தில் ஆய்வாளரும் குழாயோடு இறங்குகிறார்.

திரும்பும் வழி மறுபடியும் தம்புள்ளை, நாவுல, மாத்தளை. ஐப்பசி பிறந்து முதல் இடி நக்கிள்ஸ் பக்கம் கேட்டால், கண்டலமவில் வெடித்த களிமண் ஓர் இரவில் கறுத்து வாய்மூடும். மட்டிச் சிப்பிகளுக்கு மேல் விரல் அளவு நீர் நிற்கும். எருமைகள் மேட்டுக்கு ஏறும். இரண்டொரு வாரத்தில் புல்வெளி மூழ்கத் தொடங்கி, மக்கும் புல்லின் வாசம் காற்றில் வரும். மீனவர் தோணிகளுக்குக் கீல் பூசிக்கொண்டிருப்பார்கள்.